கொளுத்தும் வேளை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு காலி மனை இருக்கிறது. குப்பை லாரி வராத நாட்களில் அங்கே கொளுத்துவார்கள். லாரி வராத நாட்கள் இப்போது அதிகம். புகை ஜன்னல் வழியாக வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதையை நிறுத்திவிட்டது (அது காதல் கதை, போகட்டும்). கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். கொளுத்திக்கொண்டிருந்த பெண், கையிலிருந்த குச்சியால் நெருப்பைக் கிளறியபடியே, “லாரிக்கு டீசல் போட ஆபீஸ்ல துட்டு இல்லியாம் சார்” என்றாள். ஆபீஸுக்குப் போன் செய்தேன். அங்கே இருந்தவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீளமாக.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காற்றுக்கு யாரும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. வண்டி சுமக்க வேண்டியதை அது சும்மாவே சுமந்துகொண்டு போகும்.

அந்தப் பெண்ணை வைத்தே எழுதிப் பார்த்தேன். நாலாவது வரியில் நானே கதைக்குள் நுழைந்து, அவளிடம் ரொம்ப நல்லவனாக நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டேன். படிக்கச் சகிக்கவில்லை. நான் பிறக்காத காலத்துக்குப் போனால்தான் என்னை வெளியே நிறுத்த முடியும் என்று தோன்றியது. ஆகவே இதே பக்கம், சுதந்திரத்துக்கு முன்னால், நெல் விலை விழுந்து கிடந்த வருஷங்கள். 1933 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் [பெயர் எழுதி அடித்துவிட்டேன், அப்படி ஒரு ஊர் இல்லை, இருந்தாலும் அதன் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை] திருமுல்லைவாயிலுக்கும் கள்ளிக்குப்பத்துக்கும் நடுவில் எங்கேயோ.

2.

தொடக்கம் ஒன்று: “ரயிலை விட்டு இறங்கி வரப்பு வழியே நடந்தால் வேப்பமரங்களுக்கு நடுவே அந்த அழகிய” —

இல்லை. அழகாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

தொடக்கம் இரண்டு: “ஜில்லா போர்டிலிருந்து பஞ்சாயத்து போர்டுக்கு வரவேண்டிய மானியம் இந்த வருஷமும் குறைந்துபோனதால், அங்கத்தினர்கள் கூடி” —

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்களே கூட்டத்திலிருந்து எழுந்து போய்விடுவீர்கள்.

தொடக்கம் மூன்று: “மாடுகளை ஏலம் விட்ட அன்று துலுக்கானம் முகச்சவரம் செய்துகொண்டு போனான்.”

இது இருக்கட்டும்.

3.

மாடுகளை ஏலம் விட்ட அன்று துலுக்கானம் முகச்சவரம் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனான். பஞ்சாயத்து போர்டுக்கு இரண்டு குப்பை வண்டிகள் இருந்தன. அதில் ஒன்றை ஓட்டியவன் அவன். மாட்டை எடுக்கிறவருக்கு அதை ஓட்டிப் பழகிய ஆளும் தேவைப்படும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. பூந்தமல்லிப் பக்கத்து வியாபாரி ஒருவர் எடுத்தார். அவரிடம் ஏற்கெனவே ஆள் இருந்தான். துலுக்கானம் ரோட்டு முக்கு வரைக்கும் மாடுகளோடு நடந்து, அங்கே கயிற்றைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

“இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள் அவன் மனைவி நாகவல்லி.

“மாட்டுக்குப் பல்லு நல்லா கீதுன்னாரு.”

நாகவல்லிக்கும் போர்டில்தான் வேலை. தெருக் கூட்டுவாள், குப்பை அள்ளுவாள். அந்த வேலையை ஏலம் விட முடியாது என்பதால் அது போகவில்லை. ஆனால் அள்ளிய குப்பையை எங்கே கொண்டுபோவது? இதுவரை வண்டிகள் ஏரியைத் தாண்டி வெகுதூரம் போய் ஒரு பள்ளத்தில் கொட்டின. மக்கியதைக் குடியானவர்கள் எருவுக்கு எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு தூரம்தான். அது ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த களிமண் மேடு வரைக்கும் வந்தது. மேட்டில் குப்பை குவிந்தால் ஈ மொய்க்கும், காலரா வரும் என்று பயம். ஆகவே கொளுத்திவிடுவதென்று முடிவாயிற்று.

[இங்கே கணக்கு வழக்காக ஒரு பெரிய பத்தி இருந்தது. சுருக்கிவிடுகிறேன்: நெல் விற்கவில்லை, அதனால் ஊரில் யாரும் வரி கட்டவில்லை, அதனால் மேலேயிருந்து வருவதும் குறைந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார், மருத்துவச்சி, தெருவிளக்கு, குப்பை வண்டி, இதில் ஏதாவது ஒன்றை நிறுத்தியாக வேண்டும். நீங்களாயிருந்தால் எதை நிறுத்துவீர்கள்? யோசித்துப் பார்த்தேன். நானும் வண்டியைத்தான் நிறுத்தியிருப்பேன்.]

எனக்குப் படம் வரைய வராது. வந்தால் இந்த இடத்தில் ஒன்று போட்டிருப்பேன். மேற்கே ஊர், கிழக்கே சேரி, நடுவில் மேடு. அவ்வளவுதான். கோடையில் இந்தப் பக்கத்தில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். பிற்பகலில் கடல்காற்று ஏறி வந்து அதைத் திருப்பிவிடும். நெல் தூற்றுகிறவர்கள், துணி உலர்த்துகிறவர்கள் என்று ஊரில் இது தெரியாதவர்கள் இல்லை. போர்டு குமாஸ்தா ஜானகிராமனுக்கும் தெரியும். முதல் நாள் அவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேட்டுக்கு வந்தார்.

“காலம்பரயே கொளுத்திடு. கடல்காத்து திரும்பறதுக்குள்ள எரிஞ்சு முடிஞ்சுடணும். ஊருக்குள்ள புகை வரப்படாது. பிரெசிடெண்ட் உத்தரவு.”

“எங்க பக்கம் வருமே சாமி.”

“காத்து எந்தப் பக்கம் போகணும்னு நானா சொல்றேன்?” என்றார் ஜானகிராமன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் சம்பளம் வந்து வெகு நாளாகியிருந்தது.

4.

காய்ந்த சருகு என்றால் படபடவென்று எரிந்து அடங்கிவிடும். மேட்டுக்கு வந்தது வேறு. எச்சில் இலை, சாணி கலந்த வைக்கோல், கந்தல், அறுந்த செருப்பு, அரிசி மில்லிலிருந்து வந்த ஈர உமி. இதெல்லாம் எரியாது, புகையும். புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து சேரிக்குள் போய், கூரைகளுக்கு அடியில் தங்கிவிடும். கஞ்சியில் அந்த வாடை. தலைமயிரில் அந்த வாடை. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே விளையாடினார்கள்.

துலுக்கானத்துக்கு மார்கழிப் பனியில் மட்டும் வந்துபோகிற மூச்சிழுப்பு ஒன்று இருந்தது. அது அந்த வருஷம் சித்திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் மேட்டிலிருந்து திரும்பிய நாகவல்லி, அவன் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். ஆழக் கிணற்றிலிருந்து கனத்த வாளியை இழுப்பதுபோல் ஒவ்வொரு மூச்சையும் இழுத்துக்கொண்டிருந்தான்.

“யோவ், உள்ள வந்து பட்துக்கோ.”

“உள்ளயும் கீது.” கொஞ்சம் மூச்சு கிடைத்ததும் கேட்டான்: “இன்னிக்கு இன்னாத்த போட்டே? தோலு வாட அடிக்குது.”

“வந்தத போட்டேன்.”

“வண்டி ஓட்டறப்ப எனக்கு இந்த வாடயே தெர்ல மே.”

“அப்ப நீ முன்னால குந்திகினு இருந்த. வாட பின்னால வந்துச்சி.”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.*

* சிரிப்பு இருமலில் முடிவதை நான் பல கதைகளில் படித்திருக்கிறேன். வேறு மாதிரி எழுதப் பார்த்தேன். ஆனால் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவன் சிரித்தால் வேறு எதில் முடியும்?

நீதானே கொளுத்துகிறாய் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாகவல்லி சண்டை போட்டிருப்பாள். சண்டை போட்டால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அவன் சொல்லாததால், ஒவ்வொரு காலையும் தீக்குச்சியைக் கிழிக்கும்போது அவளே அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கிழிக்காமலும் முடியாது. அந்த வீட்டில் இப்போது வருமானம் அவளுடையது ஒன்றுதான்.

5.

பிரெசிடெண்ட் ஜம்புலிங்கத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

ஊரின் பழைய விவசாயக் குடும்பம். முதலில் அவரைக் கெட்டவராக எழுதினேன். மாடுகளைத் தன் மைத்துனருக்கே குறைந்த விலைக்கு விட்டுக்கொடுத்தார் என்று வைத்தேன். எழுதிய உடனே கதை சுலபமாகிவிட்டது. யாரைத் திட்டுவது என்று எனக்கும் தெரிந்தது, உங்களுக்கும் தெரிந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

இப்போது இருக்கிற ஜம்புலிங்கம் களைத்துப்போன மனிதர். விற்காத நெல் அவர் வீட்டிலும் கிடக்கிறது. ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் அவரிடம் எதையாவது கேட்கிறார்கள். அதனால் அவர் இப்போதெல்லாம் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

நாகவல்லி அவர் வீட்டுப் பின்கட்டுக்குப் போய் மாட்டுத் தொழுவத்தின் ஓரமாக நின்றாள்.

“ஐயா, மேட்ட மாத்திக் குடுங்க. இல்லாங்காட்டி வண்டி ஒண்ணாச்சும் குடுங்க.”

“வண்டி இருந்தா குடுக்க மாட்டனா? தெருவிளக்குக்குச் சீமெண்ண வாங்கவே வழியக் காணோம்.”

“எங்க ஊட்டுக்காரருக்கு மூச்சு இழுக்குதுங்க.”

“யாரு, துலுக்கானத்துக்கா?” அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. “நல்ல ஆளாச்சே. மாட்டை ஒரு அடி அடிச்சு நான் பாத்ததில்ல.” தொழுவத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். “அடுத்த பட்ஜெட்டுல கண்டிப்பா வண்டிக்கு எழுதறேன். பங்குனி வரட்டும்.”

“பங்குனி இப்பத்தானே போச்சுங்க.”

அவர் குனிந்து மாட்டுக்கு வைக்கோலைத் தள்ளினார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தாட்சாயிணி, கொல்லையில் இருந்த ஆடாதொடைச் செடியிலிருந்து ஒரு பிடி இலையை ஒடித்து வந்து நாகவல்லியின் முந்தானையில் போட்டாள். “கஷாயம் வச்சுக் குடு. நெஞ்சு இளகும்” என்றாள்.

நாகவல்லி இலையை வாங்கிக்கொண்டு வந்தாள். கஷாயம் வைத்தாள். அதுவும் புகை வாடையடித்தது.

6.

ஒருநாள் காலை துலுக்கானத்தால் எழுந்து உட்கார முடியவில்லை. உதடு கருத்திருந்தது. நாகவல்லி மேட்டுக்குப் போனாள், கூடை கூடையாகக் கொட்டிக் குவித்தாள், இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். கிழிக்கவில்லை.

[இந்த இடத்தில் அவள் மனதுக்குள் என்ன ஓடியது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நியாயம், பழி, பொறுமைக்கும் ஓர் எல்லை என்றெல்லாம். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவை என் சொற்கள். அவள் களைத்திருந்தாள். அவன் ஒரு காலைப் பொழுது மூச்சு விடட்டும் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவள் யோசித்ததாக எனக்குப் படவில்லை.]

மேட்டின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறி இறங்கியது. பிற்பகலில் அவள் முந்தானை மறுபக்கமாகத் திரும்பிப் பறந்தது. எழுந்து போய்க் கொளுத்தினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புகை ஊருக்குள் நுழைந்தது. [ஒரு கல்யாண வீட்டை வைத்து, பந்தலுக்குள் புகை போவதாக எழுதலாம் என்று ஆசை வந்தது. வேண்டாம். சாதாரண சாயங்காலம் போதும்.] மேயப்போன மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கோயிலில் தீபாராதனை காட்டிய குருக்கள் பாதியில் இருமினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜன்னலைச் சாத்தினார். ஜானகிராமன் மேட்டுக்கு ஓடி வந்தார்.

“காலம்பர என்ன பண்ணிண்டிருந்தே நீ?”

“ஈரமா கீந்துச்சி சாமி. பத்திக்கல.”

வீட்டுக்கு வந்தபோது துலுக்கானம் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். பானையிலிருந்து தானே கஞ்சி ஊற்றிக் குடித்திருந்தான்.

“இன்னிக்கு கொளுத்துலியா?”

“கொளுத்திட்டுத்தான் வரேன்.”

அவன் மேற்கே பார்த்தான். ஊரின் மேல் சாம்பல் நிறமாக ஒன்று படுத்திருந்தது. “பாத்துக்கோ மே” என்று மட்டும் சொன்னான்.

மறுநாளும் குப்பை ஈரமாக இருந்தது. அதற்கடுத்த நாளும். துலுக்கானம் எழுந்து நடமாடினான், கூரையில் பிய்ந்துபோன ஓலையை மாற்றினான். ஊரில் தாட்சாயிணிக்குத் தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை என்று நாகவல்லி கேள்விப்பட்டாள். முந்தானையில் இலையைப் போட்டவளின் முகம் ஞாபகம் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் காலையிலும் அவள் கொளுத்தவில்லை.

7.

போர்டு அவசரமாகக் கூடியது. நாகவல்லியை வரச்சொல்லி ஆள் வந்தது. வேலை போகப்போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். போகட்டும் என்றும் கொஞ்சம் நினைத்தாள். கட்டிடத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பேசியது பாதி கேட்டது.

அவளை யாரும் திட்டவில்லை. பல மாதங்களாகக் கிடைக்காத வண்டி அன்று மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. எப்படி என்று கேட்பீர்கள். சேரிக் கிணற்றைத் தூர்வார என்று ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து இதற்குத் திருப்பினார்கள். அதுவும் ஒரு வண்டிக்குத்தான் வந்தது. இரண்டு வண்டி செய்த வேலையை ஒரு வண்டி செய்ய வேண்டுமானால், ஏரிக்கு அப்பாலிருக்கும் பள்ளம் வரை போய்வரப் பொழுது காணாது. பாதி வண்டிக்குப் பாதி தூரம். சேரியைத் தாண்டிக் கிழக்கே இன்னொரு மேடு இருந்தது. அங்கே கொட்டுவது, அங்கேயே கொளுத்துவது என்று தீர்மானம் ஆயிற்று.

வண்டியை யார் ஓட்டுவது என்று வந்தபோது ஜம்புலிங்கமே சொன்னார்: “துலுக்கானத்தைக் கூப்பிடுங்க. பாவம், வேலை இல்லாம கிடக்கிறான்.” நல்ல மனதோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜானகிராமன் வெளியே வந்து நாகவல்லியிடம் சொன்னார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. “இனிமே காலம்பரயோ சாயந்தரமோ, உன் சௌகரியம். எங்களுக்கு ஒண்ணுமில்லே.”

8.

புது மேட்டுக்கு முதல் வண்டி போன அன்று துலுக்கானம் மாடுகளோடு பேசிக்கொண்டே ஓட்டினான். மூச்சு இரைத்தது. ஆனால் நாலு மாதமாக நாகவல்லி பார்க்காத ஒரு நிமிர்வு அவன் முதுகில் இருந்தது. அவள் பின்னாலேயே நடந்து வந்தாள்.

மேட்டுக்குக் கிழக்கே, முன்னால் வெறும் பொட்டலாக இருந்த இடத்தில், சில குடிசைகள் இருந்தன. ரயில் பாதைக்குக் கல் உடைக்க எங்கிருந்தோ வந்தவர்கள் போட்டவை. ஒருத்தி இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக அந்தப் பக்கம் வந்தாள். [அவளுக்குப் பொன்னியம்மா என்று பெயர் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். பெயர் வைத்தால் நாகவல்லிக்குக் கை ஓடாது. எனக்கும்.]

“இன்னாக்கா, இங்க கொட்றீங்க?”

“போர்டுல சொன்னாங்க.”

“எருவா?”

நாகவல்லி கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“எருன்னா எங்களுக்கும் ரெண்டு கூட குடுக்கா. ஊட்டாண்ட பூசணி போட்டுக் கீறேன். ஏற மாட்டேங்குது.”

“எடுத்துக்கோ” என்றாள் நாகவல்லி. அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையசைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

காலையில் கொளுத்தினால் புகை அந்தக் குடிசைகளுக்குப் போகும். சாயங்காலம் கொளுத்தினால் சேரிக்கு வரும், துலுக்கானத்தின் நெஞ்சுக்கு. ஊருக்கு எந்த வேளையிலும் போகாது. இடையில் சேரி இருக்கிறது.

9.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

நாகவல்லி கொளுத்தவே இல்லை. குப்பை அழுகுகிறது, முதல் மழையில் வழிந்து தூர்வாராத கிணற்றில் இறங்குகிறது, அதற்குப் பிறகு சேரியில் — இதற்கு மேல் எழுதவில்லை.

இரண்டு பேரும் பெரம்பூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மேட்டில் வேறொருத்தி தீக்குச்சி கிழிக்கிறாள். எனக்கு இதுதான் வசதியான முடிவு. நம் ஆட்கள் தப்பித்துவிடுவதால் மிச்சத்தை நாம் பார்க்க வேண்டியதில்லை. வசதியாக இருப்பதாலேயே நம்பிக்கை வரவில்லை.

ஜம்புலிங்கம் ஒருநாள் கிழக்கு மேட்டுக்கு வந்து பார்க்கிறார். அவர் கண்கள் — இல்லை. அவர் வந்து பார்த்திருக்கலாம், வருந்தியும் இருக்கலாம். வருந்தினால் இரண்டாவது வண்டி வந்துவிடாது.

நெல் விலை ஏறுகிறது. இது நடந்தே தீரும், சில வருஷம் கழித்து. ஆனால் அதுவரைக்கும் தினமும் ஒரு காலையும் ஒரு சாயங்காலமும் இருக்கிறதே.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். குப்பை குவிந்துவிட்டது. துலுக்கானம் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, சக்கரத்தில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண் நிறைகுடத்தோடு திரும்பி வந்து, சொன்னபடி ஒரு கூடை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் பிள்ளை மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வாழைமட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

“இன்னா மே, கொளுத்துல?” என்கிறான் துலுக்கானம்.

“இரு.”

அவன் இருக்கிறான். அவளும் இருக்கிறாள். நான் அவளை எந்தப் பக்கமும் தள்ளப் போவதில்லை. எனக்குத் தெம்பும் இல்லை. தீப்பெட்டி அவள் கையில். காற்று இன்னும் மேற்கிலிருந்துதான் வருகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். எந்த வேளை என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் கூடையைத் தூக்கிவிடச் சொல்லி நாகவல்லியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.